மொட்டை மாடியில் ஒரு நுங்கம்பாக்கம்

“சென்னையில் கொட்டித் தீர்த்த கனமழை” என்று தொலைக்காட்சியின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தப்பா போன் போட்டார்.

“ஏய்யா, அங்க வெள்ளமாமே? வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சா?”

“இங்க ஒரு பொட்டுக்கூட இல்ல சித்தப்பா. வெயிலடிக்குது.”

“டிவியில காட்டுதான, பொய்யா சொல்லுதான்?”

பொய் சொல்லவில்லை. தென்சென்னையில் நிஜமாகவே கொட்டியிருந்தது. எங்கள் பக்கம் மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பேச்சை மாற்ற, அவர் ஊரில் எவ்வளவு மழை என்று கேட்டேன். “ஒரு உழவு மழை இருக்கும்” என்றார். பதிலில் தயக்கமே இல்லை. எங்கள் தெருவில் போன வாரம் பெய்த மழையைப் பற்றி அவர் திருப்பிக் கேட்டபோதுதான் திண்டாடினேன். “நல்ல மழை சித்தப்பா” என்றேன். “நல்ல மழைன்னா?” என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை மாடி ஏற்றியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, ஊரில் இருக்கும் நாளெல்லாம் காலை எட்டரை மணிக்கு மாடியில் நிற்கிறேன். வெளியூர் போனால் மகளிடம் பொறுப்பு. அவள் தேர்வு எழுதப் போனால் பக்கத்து வீட்டு மாமாவிடம்.

முதல் மழைமானி ஒரு காலி பெயின்ட் வாளி. வாளியில் நின்ற தண்ணீரில் ஸ்கேலை விட்டு ஐந்து செ.மீ. என்று எழுதிவைத்துப் பெருமைப்பட்டேன். பெயின்ட் வாளியின் வாய் அகலம், அடி குறுகல் என்பது உறைக்க ஒரு மாதம் ஆனது. அகன்ற வாயில் வாங்கிய தண்ணீரைக் குறுகிய அடியில் அளந்தால் கணக்கு எப்போதும் கூடுதலாகவே வரும். பக்கம் செங்குத்தாக உள்ள பாத்திரமாக இருந்தால் ஸ்கேல் போதும். இல்லையென்றால் தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றி, வாயின் பரப்பால் வகுக்க வேண்டும். இதில் ஒரு சௌகரியமான எண் உண்டு. வாயின் விட்டம் 11.3 செ.மீ. இருந்தால் பரப்பு ஏறக்குறைய 100 சதுர செ.மீ. ஆகிறது. அப்போது பிடித்த தண்ணீரில் ஒவ்வொரு பத்து மில்லியும் ஒரு மில்லிமீட்டர் மழை. பாரிமுனையில் அந்த அளவில் ஒரு புனலைத் தேடிப் பிடித்து, ஒரு பாட்டிலின் மேல் செருகினேன். செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மில்லிமீட்டர் என்பதை நீளமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். மழையில் அது கொள்ளளவும்கூட. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் விழுந்தது சரியாக ஒரு லிட்டர். எங்கள் மாடி 800 சதுர அடி. பத்து செ.மீ. மழை பெய்யும் நாளில் அதன் மேல் 7,400 லிட்டர் விழுகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது குழாயைப் போட்டுவிட்டு மறந்துபோன வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் அடைத்துக் கிடந்த தொட்டியை ஆள் வைத்துத் தூர்வாரினேன். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் காலிக் குடங்களோடு தெருவில் காத்திருந்த நாட்களில், அதை இன்னும் முன்னால் செய்திருக்கலாம் என்று தோன்றியது.

எட்டரை மணி ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். உலக வானிலை நிலையங்கள் ஒரே நொடியில் வானத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டுமென்று பொதுநேரம் வகுத்திருக்கிறார்கள். பொதுநேரம் அதிகாலை 3 மணி என்றால் நமக்குக் காலை 8.30. இந்தியாவில் மழைநாள் என்பது எட்டரை முதல் எட்டரை வரை. செய்தியில் ‘டிசம்பர் 2-ஆம் தேதி பதிவான மழை’ என்று வந்தால், அதில் பெரும்பகுதி முதல் தேதி பகலிலும் இரவிலும் பெய்திருக்கும். நள்ளிரவுக்கு நள்ளிரவு அளந்துவிட்டு அரசுக் கணக்கோடு சண்டைக்குப் போன ஆரம்பக்காரர்களை எனக்குத் தெரியும். நானே அவர்களில் ஒருவன்.

அந்த 2015 டிசம்பர் 2-ஐ எடுத்துக்கொள்வோம். எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. நுங்கம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். மழையில் இருபது செ.மீ. வித்தியாசம். இதில் எது சென்னையின் மழை? இரண்டு எண்ணுக்கும் இடையில் லட்சக்கணக்கான மாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் விழுந்து, வழிந்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. குறித்துவைக்க ஆளில்லை.

இதைப் படித்துவிட்டு ரேடார் இருக்கிறதே என்பீர்கள். சென்னைத் துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் சுழல்கிறது, அதன் படத்தைக் கைப்பேசியில் பார்க்காமல் இப்போது யாரும் ஐப்பசியில் வெளியே கிளம்புவதில்லை. ரேடார் பார்ப்பது மேகத்துக்குள் உள்ள துளிகள் திருப்பி அனுப்பும் எதிரொலியை. அதிலிருந்து மழையளவை ஒரு சூத்திரத்தால் ஊகிக்கிறார்கள். சிறு துளிகள் நிறைய இருந்தால் ஒரு கணக்கு, பெருந்துளிகள் சில இருந்தால் வேறு கணக்கு. ஊகம் சரிதானா என்று பார்க்கத் தரையில் ஒரு பாத்திரம் தேவைப்படுகிறது. பாத்திரத்துக்கு மாற்று இதுவரை வரவில்லை.

தூணும் பாதிரிமார்களும்

நுங்கம்பாக்கம் என்ற பெயரை மழைக்காலத்தில் மட்டும் கேட்பவர்களுக்கு, அங்கே வானிலை மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்பது தெரியாமல் இருக்கலாம். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைக்கேல் டாப்பிங் எழுப்பிய மதராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் வானிலைக் குறிப்பேடு எழுதத் தொடங்கினார். நட்சத்திரம் பார்க்க வந்தவர், மதராஸின் வெயிலையும் குறித்துவைத்தார். நட்சத்திரம் பார்க்கும் வேலை 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மழை பார்க்கும் வேலை இங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் என்னைப் போன்ற மாடிக்காரர்களின் குலமுதல்வர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், அவர் லண்டனில் வாழ்ந்த ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். அரசு வானிலை அலுவலகத்தில் சிறிது காலம் வேலை பார்த்தவர். மழையை அளக்க அரசாங்கம் ஊருக்கு ஊர் ஆள் போடாது என்று கண்டு, ஊர்க்காரர்களையே கேட்டார். 1860-ஆம் ஆண்டுக்கான முதல் அறிக்கையில் 168 பேரின் கணக்கு. 1900-இல் அவர் இறக்கும்போது எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. பாதிரியார், மருத்துவர், பண்ணைக்காரர், பொழுது போகாத பிரபு என்று கலவையான கூட்டம். சம்பளம் கிடையாது. யாருடைய மானி மரத்தடியில் இருக்கிறது, யாருடையது சாய்ந்திருக்கிறது என்று சைமன்ஸ் நேரில் போய்ப் பார்த்துத் திருத்துவாராம். அவர் பெயர் கொண்ட, ஐந்து அங்குல வாயுள்ள மழைமானி இந்தியாவுக்கும் வந்து, நம் தாலுகா அலுவலக வளாகங்களில் நெடுங்காலம் நின்றது.

அமெரிக்காவில் இதே காரியம் ஒரு வெள்ளத்தால் தொடங்கியது. 1997 ஜூலை 28-இல் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரின் மேற்கு ஓரத்தில் 36 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. அதே நகரின் கிழக்கே ஐந்து செ.மீ.கூட இல்லை. ஐந்து பேர் இறந்தார்கள். எங்கே எவ்வளவு பெய்தது என்பதைப் பின்னால் வீடு வீடாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகத்து வானிலைக்காரர்கள் சாதாரணக் குடிமக்களைச் சேர்த்து ‘கோகோராஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எல்லோரிடமும் நான்கு அங்குல வாயுள்ள ஒரே மாதிரி பிளாஸ்டிக் மானி. அவர்கள் விடாமல் வற்புறுத்துவது ஒன்று: மழை பெய்யாத நாளிலும் பூஜ்யம் எழுது.

இது எனக்குப் புரியப் பல மாதம் ஆனது. முதல் வருட நோட்டில் மழை நாட்கள் மட்டும்தான் இருக்கின்றன. நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில் மழை இல்லையா, நான் மாடி ஏறவில்லையா? இப்போது எனக்கே தெரியாது. அந்த வருடக் கூட்டுத்தொகை எதற்கும் உதவாது. பூஜ்யம் எழுதிய நாளில் ஒருவன் பார்த்தான், இல்லை என்று உறுதி செய்தான் என்று ஆகிறது. வறட்சியை அளப்பதற்கு அதைவிட்டால் வழியில்லை. சித்திரை வெயிலில் காலி பாட்டிலைப் பார்க்கப் படி ஏறுகிறவனை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

குளவி, கொய்யா, கைப்பிடிச் சுவர்

நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தானியங்கிக் கருவி ஒன்று வாங்கினேன். டேவிஸ், எகோவிட் போன்ற பெயர்களில் இப்போது நிறைய கிடைக்கின்றன. காற்று, வெப்பம், ஈரப்பதம், மழை எல்லாவற்றையும் அளந்து வைஃபை வழியாகக் கூடத்துத் திரைக்கு அனுப்பிவிடும். அதற்குள் மழையை அளப்பது சின்னஞ்சிறு ஏற்றப்பலகை. இரு முனையிலும் இரண்டு கிண்ணம். ஒன்று நிரம்பினால் கவிழும், மற்றது மேலே வரும். ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்று எண்ணிக்கொண்டே போகும். இரவில் மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பத்து நிமிடத்தில் வெளுத்து வாங்கியது என்பதெல்லாம் காலையில் கோடாக விரிந்து கிடக்கும். பாட்டிலில் இந்தச் சுகம் கிடையாது.

குறையும் அங்கேயேதான். பேய்மழையில் கிண்ணம் கவிழ்ந்துகொண்டிருக்கும் கணத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. அதனால் மழை வலுக்க வலுக்கக் கருவி குறைத்துச் சொல்லும். ஒரு புரட்டாசியில் நான் நனைந்துகொண்டே மாடியில் நிற்க, கூடத்துத் திரை பூஜ்யம் என்று சாதித்தது. புனல் துளையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இன்னொரு முறை, மே மாதத்துச் சுத்தமான நீலவானத்தின் கீழ் 4.2 மி.மீ. மழை பதிவானது. வீட்டில் கொய்யாச் செடிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு சம்பவத்துக்குப் பிறகு, தகராறு வந்தால் பாட்டில் சொல்வதே தீர்ப்பு என்று வைத்துக்கொண்டேன்.

பாட்டிலும் சத்தியவான் இல்லை. மழைமானியை அரசு நிலையங்களில் திறந்த வெளியில், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வாய் இருக்கும்படி வைக்கிறார்கள். அருகிலிருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுத் தென்னை நாற்பது அடி. எண்பது அடி தள்ளி வைக்க வேண்டுமென்றால் மூன்றாவது வீட்டுச் சமையலறையில்தான் வைக்க வேண்டும். மாடியில் இன்னொரு சங்கடம்: கைப்பிடிச் சுவரில் மோதும் காற்று மேலெழும்பி, விழ வேண்டிய துளியை மானியின் தலைக்கு மேலாகத் தூக்கிப் போய்விடுகிறது. ஒட்டி வைத்தால் காற்று கெடுக்கும், நடுவில் வைத்தால் தண்ணீர்த் தொட்டி மறைக்கும். இடம் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் குறை குறைவான ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பிறகு நகர்த்தவில்லை. தப்பாக இருந்தாலும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால், இந்த வருடத்தைப் போன வருடத்தோடு ஒப்பிட முடியும்.

வெப்பநிலை இதைவிட நுணுக்கம். முதலில் வாங்கிய வெப்பமானியை வெயிலில் மாட்டிவிட்டு 51 டிகிரி என்று கண்டு அரண்டுபோனேன். நுங்கம்பாக்கத்தின் உச்சமே 2003 மே 31-இல் பதிவான 45 டிகிரிதான். நான் அளந்தது வெப்பமானி எவ்வளவு சுட்டது என்பதை. காற்று எவ்வளவு சுட்டது என்பதை இல்லை. கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கங்களைக் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் (கதாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா) இதற்காகவே வெள்ளையடித்த, நாலாபுறமும் சாய்வுப் பலகை வைத்த ஒரு மரப்பெட்டியை வடிவமைத்தார். காற்று போகும், வெயில் போகாது. நம் நாட்டில் கதவை வடக்குப் பார்த்து வைப்பார்கள். எங்கள் மாடிக்கு அப்படியொரு பெட்டியை அடித்துக்கொடுத்த ஆசாரி, “புறாவுக்கா சார்?” என்று கேட்டார். பெட்டி வந்த பிறகும், பகலெல்லாம் சூடேறிய சிமென்ட் தளம் இரவு முழுக்க அனலை விட்டுக்கொண்டிருக்கிறது. என் குறைந்தபட்ச வெப்பநிலையை நானே முழுதாக நம்புவதில்லை.

பத்து மணிக்கு ஏறும், நாலு மணிக்கு இறங்கும்

மழை பெய்யாத நாளில் இந்தப் பொழுதுபோக்கில் என்ன இருக்கிறது? எனக்கு அதிகம் பிடித்ததே மழை இல்லாத நாட்கள்தான்.

மே மாதத்து நண்பகல். மேற்கிலிருந்து வறண்ட காற்று. திரையில் 39 டிகிரி. திடீரென்று காற்றுத்திசை முள் தென்கிழக்குக்குத் திரும்பும். சில நிமிடங்களில் வெப்பம் மூன்று நான்கு டிகிரி இறங்கும், ஈரப்பதம் விறுவிறுவென்று ஏறும். கடற்காற்று வந்துவிட்டது. மெரினாவில் நுழைந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அது கொஞ்சம் களைத்திருக்கும். மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதிக்கும், அன்றுதான் சென்னை நாற்பதைத் தாண்டும். வெயில் கொடுமை என்று எல்லோரும் புலம்பும் நாள், உண்மையில் கடற்காற்று பிந்திய நாள்.

காற்றழுத்தமானி இதைவிட விசித்திரம். அதைக் கடையில் வாங்கி வந்தபோது புயல் வந்தால் மட்டும் அசையும் என்று நினைத்தேன். அமைதியான நாளிலும் அது மூச்சு விடுகிறது. காலை பத்து மணி வாக்கில் ஏறி உச்சம் தொடும், மாலை நான்கு மணிக்கு இறங்கும். மறுபடி இரவு பத்துக்கு ஏற்றம், அதிகாலை நான்குக்கு இறக்கம். வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிபார்தான். சூரியன் மேல்வளியைச் சூடாக்குவதால் பூமியைச் சுற்றி ஓடும் அலை இது. கடலைப் போல வானத்துக்கும் ஓதம் உண்டு. குளிர்நாடுகளில் வானிலையின் களேபரத்தில் இது அமுங்கிப்போகும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், கைக்கடிகாரம் இல்லாதவன் மணி பார்க்கும் அளவுக்குத் துல்லியமாகத் தெரியும்.

2016 டிசம்பர் 12-இல் அந்த மூச்சு நின்றது. வர்தா புயல். காலை பத்து மணிக்கு ஏற வேண்டிய கோடு இறங்கியது. மதியம் கிணற்றில் கல் போட்டதுபோல் விழுந்தது. மின்சாரம் போய், பேட்டரியில் ஓடிய சின்னத் திரையின் முன் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். வடக்குப் பக்கமிருந்து ஜன்னலை உலுக்கிய காற்று பிற்பகலில் சட்டென்று ஓய்ந்தது. தெருவில் ஆட்கள் இறங்கி, விழுந்த மரங்களைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அழுத்தக் கோடு அடிமட்டத்தில் தட்டையாக நின்றது. புயலின் கண். “உள்ள போங்க, இன்னும் பாதி இருக்கு” என்று மாடியிலிருந்து கத்தினேன். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது. பன்னிரண்டு ஆண்டுக் கூத்தில் எனக்கு அக்கம்பக்கத்தில் ஏதேனும் மரியாதை கிடைத்தது என்றால் அந்த ஒரு மாலைக்காகத்தான்.

கிடைத்த மரியாதையில் ஒரு தொல்லையும் ஒட்டிக்கொண்டது. மாடியில் கருவி வைத்திருப்பவனுக்கு நாளைய மழையும் தெரியும் என்று நினைக்கிறார்கள். “நாளைக்கு ஸ்கூல் லீவா அங்கிள்?” வானிலை மையத்து ரமணன் சார் தொலைக்காட்சியில் தோன்றிய காலத்திலிருந்தே இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வானிலை என்றால் விடுமுறை. கணிப்பு வேறு கலை. அதற்குச் செயற்கைக்கோள், கணினி மாதிரி, பல வருடப் பயிற்சி எல்லாம் வேண்டும். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போல வானிலைத் துறைக்கு வெளியிலிருந்து ஆர்வத்தால் அதில் இறங்கியவர்களும், பழைய மழைக் கணக்குகளில் ஊறிய பிறகே வாய் திறக்கிறார்கள். என் போன்றவன் நேற்றைய மழையைச் சொல்பவன். நேற்றைப் பற்றியே ஊரில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கிறது. “முன்னெல்லாம் தீபாவளிக்கு மழை பெய்யாம இருந்ததே இல்ல” என்பார் பக்கத்து வீட்டு மாமா. என் நோட்டில் சொட்டு விழாத தீபாவளிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் பாட்டிலைப் பார்த்துப் பூஜ்யம் எழுதியவரே அவர்தான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று செய்தி வந்தபோது நோட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். என் புனலில் விழுந்திருந்தால் ஒன்பதரை லிட்டர். ஒரு லிட்டர் பாட்டில் எப்போதோ நிரம்பி வழிந்திருக்கும். நடுநிசியில் குடையோடு போய் ஒன்பது முறை கொட்டிக் குறித்திருந்தால்தான் அந்த எண் கிடைத்திருக்கும். அங்கே, அந்த மழையில், யாரோ ஒழுங்காக அளந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

அதன் பிறகு ஊருக்குப் போனபோது சித்தப்பாவுக்கு ஒரு மானி கொண்டுபோனேன். வைக்கோல்போருக்குத் தள்ளி, களத்தின் ஓரத்தில் கம்பு நட்டு, அதில் கட்டிக்கொடுத்தேன். எட்டரை மணி, பூஜ்யம், எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போன ஐப்பசியில் காலை எட்டே முக்காலுக்குப் போன் வந்தது.

“ஏய்யா, உன் பாட்டில்ல முப்பத்திரெண்டு இருக்கு.”

“நல்ல மழை சித்தப்பா! உழவு ஓட்டலாம்ல?”

“எங்கிட்டு? அரைமணி நேரத்துல அடிச்சு ஊத்திட்டு எல்லாம் ஓடையோட போயிருச்சு. மம்பட்டியால வெட்டிப் பாத்தேன், நாலு விரக்கடைக்குக் கீழ காஞ்சுதான் கெடக்கு. உழவுக்குக் காணாது.”

நோட்டில் 32 என்று எழுதினேன். பக்கத்தில் இடம் விட்டு, ‘நாலு விரக்கடை’ என்றும் எழுதினேன்.